கணக்குக்கு மட்டும் ஆள் இல்லை

அன்புள்ள அக்கா,

நாம் பேசி மூன்று மாதம் ஆகிறது. என் மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியும் அவ்வளவு நாள்தான். காரணம் உனக்குத் தெரியும். உன் மகனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

வீட்டிலிருந்தே பத்தாவது படிக்க வழி தேடினேன். ஆன்லைன் வகுப்புக்குக் கேட்ட கட்டணம் மருந்துக்கடையில் நான் வாங்கும் சம்பளத்தைவிட அதிகம். கடைசியில் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்தேன். புத்தகம் அவர்களே தருகிறார்கள், தேர்வுக்கு மட்டும் போனால் போதும். மற்ற பாடங்களை நூலகத்தில் உட்கார்ந்து அவளே படித்துவிடுகிறாள். கணக்குதான் தண்ணி காட்டுகிறது.

நேற்று சாப்பாட்டு மேசையில் நோட்டை மூடிவிட்டு, "பெரியம்மா சொல்லிக்கொடுத்தா புரியும்மா" என்றாள்.

நான் கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அவங்க வீட்டுக்குப் போவியா?"

"மாட்டேன். அவங்க இங்க வரட்டும்."

இருபது வருஷமாக நீ கணக்கு டீச்சர். ஆனாலும் உன்னிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவள் கேட்டுவிட்டாள்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பத்து மணிக்கு வா. நடந்ததைப் பற்றி அவளிடம் எதுவும் பேசாதே.

தனியாக வா.

உன் தங்கை