ஹேசல் மேல் பட்ட ரவை

தெற்கு டகோட்டா,
அக்டோபர் கடைசி, புதன்கிழமை

அன்பு மகள் மார்னாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அங்கே இப்போது வசந்தம் என்று அம்மா சொன்னாள். இங்கே காலையில் மாட்டுத் தொட்டியில் பனிக்கட்டி ஓடு மாதிரி படிந்துவிடுகிறது, தட்டி உடைத்தால்தான் மாடுகள் குடிக்கின்றன. மக்காச்சோளம் முக்கால்வாசி அறுத்தாகிவிட்டது, மழை கொஞ்சம் பொறுத்தால் மீதியும் வீட்டுக்கு வந்துவிடும். அம்மாவின் முழங்கால் போன வருஷத்துக்கு இந்த வருஷம் தேவலை, ஆனால் மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று தாளும் பேனாவுமாக ஏன் உட்கார்ந்தான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்.

ஃபெசன்ட் காட்டுச்சேவல் வேட்டை சீசன் தொடங்கிய சனிக்கிழமை வழக்கம்போல எல்லோரும் நம் பக்கத்து நிலத்துக்கார டெல்வின் மாமா வீட்டு முற்றத்தில் கூடினோம். மாமாவின் மச்சான் ரோலண்ட் இந்தத் தடவையும் புதுத் துப்பாக்கியோடு வந்திருந்தான். இந்த வருஷம் நான் லெர் மூவையும் கூட்டிப்போனேன், நீ அவரைப் பார்த்ததில்லை. பர்மாவிலிருந்து வந்த கரேன் இனத்துக்காரர், வான்கோழி அறுக்கிற தொழிற்சாலையில் வேலை, தெற்கே காலியாகக் கிடந்த பழைய வீட்டை வாங்கிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருக்கிறார். வசந்தத்தில் நம் வேலி சாய்ந்தபோது, கூப்பிடாமலே வந்து கம்பம் நட்டுக்கொடுத்தவர். வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறேன் என்று வெட்கத்தோடு சொன்னார், நான்தான் எங்களோடு வாருங்கள் என்றேன். வழக்கமாகக் காலையில் பாதுகாப்புப் பேச்சு பேசுகிறவன் நான்தானே, வண்டியின் பின்பலகையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசினேன். பறவைக்கும் தரைக்கும் நடுவில் வானம் தெரிந்தால் மட்டும் சுடு, தாழப் பறக்கிற சேவலை விட்டுவிடு, அதற்குக் கீழே நாய் இருக்கும், ஆள் இருக்கும் என்று சொன்னேன். சொல்லும்போது அத்தனை பேரையும் விட்டுவிட்டு லெர் மூவையே பார்த்துச் சொன்னேன். அவரும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையாட்டினார்.

பகல் நன்றாகத்தான் போயிற்று. சாயங்காலம் கடைசி நடையாக டெல்வின் மாமாவின் சோளக்காட்டில் இறங்கி நாணல் பள்ளத்தை நோக்கி வரிசையாக நடந்தோம், வலது ஓரத்தில் நான், எனக்கு அடுத்து லெர் மூ. வெயில் சாய்ந்து நேராக முகத்தில் அடித்தது. நாணல் ஓரத்தில் மாமாவின் பழுப்பு நாய் ஹேசல் மோப்பம் பிடித்து நின்றாள், ஒரு சேவல் கிளம்பியது. மேலே ஏறாமல் நாணலை ஒட்டியே தாழப் பறந்தது, ஹேசல் அதன் பின்னால் தாவினாள். சேவல் வானத்துக்கு ஏறுகிறவரை லெர் மூ காத்திருந்து சுட்டார். நான் காத்திருக்கவில்லை. அரை நொடி இடைவெளிதான், இரண்டு சத்தமும் ஒன்று போலக் கேட்டன, சேவல் விழுந்தது, ஹேசல் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. சுட்ட கணத்தில் என் குழல் முனைக்கு நேரே பழுப்பாக அவள் முதுகைப் பார்த்தேன் மார்னா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அப்போதும் இருக்கவில்லை.

எல்லோரும் ஓடி வந்தார்கள். மாமா நாயை மடியில் போட்டுக்கொண்டு, "யாருய்யா சுட்டது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரோலண்ட், "புது ஆளக் கூட்டிட்டு வந்தா இதான் நடக்கும், நான் காலைலயே நெனச்சேன்" என்றான். எல்லோரும் லெர் மூவைப் பார்த்தார்கள். அவர் தன் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு சத்தமும் ஒன்று போலக் கேட்டதால் தன்னுடையதுதான் பட்டிருக்குமோ என்று அவருக்கே பயம் வந்துவிட்டது. "நான்தானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைத்தான் கேட்டார். நான், "மொதல்ல நாயை டாக்டர்கிட்ட கொண்டு போங்க" என்றேன். நல்ல யோசனை சொல்கிற மனுஷன் மாதிரி சொன்னேன்.

அன்றைக்குச் சாப்பாடு மாமாவின் டிராக்டர் கொட்டகையில். ஹேசல் பிழைத்துக்கொள்வாள், ஆனால் இடது கண் போய்விட்டது என்று டாக்டரிடமிருந்து செய்தி வந்தது. அதோடு எல்லோருக்கும் மூச்சு வந்தது, அத்தை கோழியைப் பாலேட்டில் வேகவைத்துப் பெரிய சட்டியில் கொண்டுவந்து வைத்தாள், கதை சொல்கிற நேரம் ஆரம்பித்தது. யார் சேற்றில் விழுந்தார்கள், யார் தோட்டா போடாமலே துப்பாக்கியைத் தூக்கினார்கள், எந்தச் சேவல் வண்டி ஜன்னல் வழியாகப் புகுந்து சீட்டை நாசம் பண்ணிற்று என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியில் ரோலண்ட் எழுந்து லெர் மூ நடக்கிற மாதிரி குனிந்து நடந்து காட்டினான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு டுமீல் என்றான், பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நாய் மாதிரி ஊளையிட்டான். கொட்டகையே சிரித்தது. லெர் மூவும் அவர் மனைவி நா பாவும் மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். தப்பை மன்னிக்கிற வழி இந்த ஊரில் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, அவர்களும் சிரிக்கப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், சிரித்தேன்.

மறுநாள் சர்ச் முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, லெர் மூ கையில் ஒரு பானை சூப்போடு வாசலில் நிற்கிறார். "டெல்வின் ஐயாகிட்ட மன்னிப்பு கேக்கணும். எனக்கு இங்கிலீஷ் சரியா வராது, கோபத்துல அவர் ஏதாவது சொன்னா பதில் சொல்லத் தெரியாது. நீங்க கொஞ்சம் கூட நில்லுங்க ஐயா" என்றார். என்னைக் கூட நிற்கச் சொன்னார்! நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அவர் முணுமுணுத்துப் பழகிக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தை சரியா என்று என்னிடம் கேட்டார், நான் திருத்திக் கொடுத்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். அந்த வண்டிக்குள் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

மாமா சமையலறையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். லெர் மூ பானையை வைத்துவிட்டு, நின்றபடியே பழகிய வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொன்னார், இனி துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்பது வரைக்கும். அவர் நீட்டிய கையை மாமா பிடிக்கவில்லை. "உக்காருங்க. நீங்க போடறது என்ன தோட்டா?" என்று கேட்டார். "ஸ்டீல். அரசாங்க நெலத்துல ஈயம் கூடாதுன்னு வகுப்புல சொன்னாங்க, அதனால அதத்தான் வாங்கினேன்." மாமா அலமாரியிலிருந்து டாக்டர் கொடுத்த சின்ன டப்பாவை எடுத்து, ஹேசல் உடம்பிலிருந்து எடுத்த ரவைக் குண்டுகளை மேஜை மேல் கொட்டினார். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைப் பிடுங்கி அவற்றின் மேல் வைத்துத் தூக்கினார். ஒன்றுகூட ஒட்டவில்லை. எல்லாம் ஈயம். அந்தக் கூட்டத்தில் இன்னும் ஈயம் போடுகிறவன் யார் என்று மாமாவுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒரே கடையில் சேர்ந்து வாங்கியவர்கள்தானே நாங்கள்.

"அது நான்தான்" என்றேன். சொன்னது நிஜம், ஆனால் காந்தம் சொன்ன பிறகு சொன்னேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல், "காலைலயே காந்தம் வச்சுப் பாத்துட்டேன் வெர்லின். நீ வருவேன்னு காபி போட்டு வச்சிருந்தேன். இவரையும் கூட்டிட்டு வந்து நிப்பேன்னு நெனைக்கல" என்றார். லெர் மூ கத்தவில்லை, திட்டவில்லை. "வண்டியில சொன்னப்போ என் வார்த்தையைத் திருத்தினீங்களே" என்று மட்டும் கேட்டார். வெளியே வந்து நான் வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறவில்லை, மண் ரோட்டில் இறங்கி வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். எதிர்க்காற்று. அவரைத் தாண்டிப் போகவும் தைரியமில்லாமல், அவர் மேட்டைக் கடந்து மறைகிறவரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதோடு புத்தி வந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். சீசன் எப்படிப்பா என்று கேட்டாய், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். புது ஆள் ஒருத்தர் தவறுதலாக ஹேசலைச் சுட்டுவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். பாவம் ஹேசல், யாருப்பா அந்த மடையன் என்று நீ கேட்டாய். நான் மறுக்கவில்லை. அந்த மடையன் உன் அப்பாதான் கண்ணு. போனை வைத்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும், "நேத்து ராத்திரி குறட்டை விட்டுத் தூங்குனியே, அதுதான் எனக்குத் தாங்கல" என்றாள். இரண்டு நாள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

திங்கட்கிழமை, ஊர்க்காரர்கள் காலையில் கூடுகிற தானியக் கிடங்குக் காபி மேஜைக்குப் போனேன். ரோலண்ட் தன் ஊருக்குப் போய்விட்டான், ஆனால் அவன் நடித்த கதை அங்கே ஓடிக்கொண்டிருந்தது, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு டுமீல் என்றார். நாயைச் சுட்டது நான், லெர் மூ மேல் பழி விழுந்தபோது பேசாமல் இருந்ததும் நான் என்று நின்றபடியே சொன்னேன். பிறகு ஆரம்பித்தார்கள். "அந்த நேரத்து வெயிலு யார் கண்ணையும் மறைக்கும்யா." "நாய் திடீர்னு எகிறினா நீ என்ன பண்ணுவ?" "இத்தன வருஷத்துல ஒரு தடவ, விடு தலைவரே." ஒருவர் எனக்குக் காபிகூட ஊற்றினார். அப்போதுதான் எனக்கு உடம்பு கூசியது மார்னா. அதே வெயில், அதே நாய். லெர் மூ பழியோடு நின்றபோது இவர்களில் ஒருவருக்கும் வெயில் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நான் உண்மையைச் சொன்னதும் மேஜை முழுக்க எனக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்தது. காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று லெர் மூ வீட்டுக்குப் போனேன். நா பா கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு முகமில்லை. அவர் வாசலுக்கு வந்தார். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், மகளுக்கு மட்டும் நாளைக்கு எழுதப் போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். துப்பாக்கியை விட்டுவிட வேண்டாம், அன்று சரியாகச் சுட்டவர் நீங்கள்தான், விழுந்த சேவலும் உங்களுடையதுதான் என்றும் சொன்னேன். "டெல்வின் ஐயா வந்திருந்தார். அடுத்த வருஷமும் வரச் சொன்னார். வருவேன்" என்றார். நான் சந்தோஷத்தில் தலையாட்டினேன். அவர் கதவு நிலையைப் பிடித்தபடி, குரலை உயர்த்தாமல், "ஆனா உங்க பக்கத்துல நடக்க மாட்டேன் ஐயா" என்றார். சரி என்றேன்.

மாப்பிள்ளையிடமும் அந்தப் புது ஆள் கதையைச் சொல்லியிருப்பாய், அவரிடம் திருத்திச் சொல்லிவிடு, பெயரோடு சொல். குழந்தையைக் குளிர்காற்றில் தொப்பியில்லாமல் கொண்டுபோகாதே. வியாழக்கிழமை அம்மா என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறாள், கண் எப்படியிருந்தாலும் இனி வேட்டைக்கு நான் வண்டி ஓட்டுகிறவன்தான், சுடுகிறவன் இல்லை. அம்மா தன் முத்தத்தைத் தனியாகப் போனில் தருவாளாம், இந்தத் தாளில் வேண்டாமாம். உங்கள் மூவருக்கும் எல்லா நலமும் வரட்டும், ஆண்டவன் கூடவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, நான்தான் எடுப்பேன்.

உன் அப்பா,
வெர்லின்