குட்டியின் அறையில் கரி டின்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம் என்று எழுத வந்தேன், நிஜமாகவே சுகமா என்று எனக்கே இப்போது சந்தேகம், அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே. விடுமுறைக்குக் குட்டியை அழைத்து வரவா, கிணற்றுத் தண்ணீர் இப்போது எப்படி என்று கேட்டிருந்தாய். போன தடவை இந்தத் தண்ணீரில் குளித்து உடம்பெல்லாம் தடித்துப்போய் அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. போனில் பேசினால் அப்பா நடுவில் பிடுங்கி, எல்லாம் நல்லா இருக்கு, கிளம்பி வா என்று சொல்லிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீரை வடிகட்டக் கரி செய்ய, நீ சொல்லிக்கொடுத்தபடியே அப்பா கடலை வறுக்கும் கடையிலிருந்து வேர்க்கடலை ஓடுகளை மூட்டையாகக் கொண்டுவந்தார். மூடிய டின்னில் காற்றுப் புகாமல் சுடவேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். அடுப்பில் இருக்கும் எதையாவது திறந்து பார்க்காமல் உன் அப்பாவால் இருக்க முடியுமா. முதல் டின் முழுக்கச் சாம்பல். அடுத்த தடவை மூடிமேல் கல்லை வைத்து நானே காவலுக்கு உட்கார்ந்தேன். பிறகு உப்புக் கரைசலில் ஊறவைத்து, மறுபடி சுட்டு, கழுவி, மணலும் கரியுமாக அடுக்கி ஊற்றினால், பின்தெருச் சாயப்பட்டறையின் சிவப்பு இறங்கிய அதே தண்ணீர் பளிங்கு மாதிரி விழுந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தபால்காரரைக்கூட நிறுத்தி ஒரு டம்ளர் குடிக்கவைத்தார்.

சாயம் ஏறிக் கரி நிறைந்ததும் மாற்று என்றாய், மாற்றினோம். பழைய கரியை என்ன செய்வது என்று நீயும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கரி செடிக்கு நல்லது என்று எங்கோ கேட்ட ஞாபகம், வீணாக்குவானேன் என்று கிணற்றடித் தக்காளிச் செடிகளுக்குக் கூடை கூடையாகக் கொட்டினேன். என்னமாய்க் காய்த்தது தெரியுமா. அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவுக்கும் பழம் கொடுத்தேன். போன வாரம் தண்ணீர் பரிசோதிக்கும் பெண் கிணற்றில் ஒரு பாட்டில், வடிகட்டியில் ஒரு பாட்டில் எடுத்துப்போனாள். வடிகட்டிய தண்ணீரில் குறை இல்லையாம், கிணறுதான் முன்னைவிட மோசமாம். மறுபடி வந்து கிணற்றடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய கரியெல்லாம் எங்க கொட்டுறீங்கம்மா என்றாள். தக்காளிச் செடிகளைக் காட்டினேன். கரி அழுக்கைத் தின்னுடாதும்மா, பிடிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான், மழை பெஞ்சா கொஞ்சம் கொஞ்சமா விட்டுடும் என்றாள்.

அன்றிலிருந்து என் மண்டை குழம்பிக் கிடக்கிறது. துணியின் சாயம் தண்ணீருக்குப் போகிறது, தண்ணீரின் அழுக்கு கரிக்குப் போகிறது, கரியின் அழுக்கு கிணற்றுக்கே திரும்புகிறது என்றால் இத்தனை நாள் நாங்கள் என்னதான் செய்தோம்? வடிகட்டியோ சொட்டுச் சொட்டாகத் தருகிறது, குடிக்கப் போதும், குழந்தையைக் குளிப்பாட்ட? அப்பாவைக் கேட்டால் காலையில் செடியைப் பிடுங்கு என்கிறார், சாயங்காலம் பாவம் இருக்கட்டும் என்கிறார். தையல்காரம்மாவிடம் அந்தப் பழத்தைத் தின்னவேண்டாம் என்று சொன்னபோது, நல்லா இருந்துச்சேக்கா என்று மிச்சப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நேற்றுச் செடிகளைப் பிடுங்கி, அடிமண்ணையும் கரியையும் சுரண்டி மூடி போட்ட டின்களில் அடைத்துவிட்டோம். குப்பை வண்டிக்காரர் தொடமாட்டேன் என்கிறார். சாயப்பட்டறை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன் என்று அப்பா குதித்தார், பிடித்து உட்காரவைத்தேன். மழை படாத இடமாக வீட்டில் ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. குட்டிக்கென்று வெள்ளையடித்து, நான் மஞ்சள் திரை தைத்து மாட்டிய அறை. அவள் கட்டிலைச் சுற்றி இப்போது டின்கள் நிற்கின்றன.

வா என்று எழுதத்தான் கை துடிக்கிறது. இப்போது வராதே அம்மா. இந்த டின்களை யாரிடம் ஒப்படைப்பது என்று முதலில் விசாரித்துச் சொல். கண் வலிக்க உட்கார்ந்து வேலை பார்க்காதே, மாப்பிள்ளை இருமலைக் கவனிக்கச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். குட்டியிடம் தண்ணீர் என்று சொல்லாதே, பயப்படுவாள். அவள் அறையில் வேறு ஆள் தங்கியிருக்கிறது, பாட்டி துரத்திக்கொண்டிருக்கிறாள் என்று சொல்.

உன் அம்மா