தவளையாகிப்போன முகம்

சிற்பியான என் வீட்டுக்காரருக்கு,

சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. கையிலிருக்கும் கல்தூளைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அதுவரை கல் அறுக்கும் மெஷினைப் போடாதீர்கள். போன தடவை அந்தச் சத்தத்தில் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பச்சை ஜேட் கல்லில் என் முகத்தைச் செதுக்குகிறீர்கள் என்று ஆறு மாதமாக ஆபீஸ் முழுக்கப் பறைசாற்றியிருந்தேன். மூக்கில் விரிசல் விட்டதும் அதைத் தவளையாக்கிவிட்டு, "நான் என்ன பண்றது? கல்லு சொன்னபடி கேட்டேன்" என்கிறீர்கள். கல் சொன்னால் உடனே கேட்கிறீர்கள். குழாய் ஒழுகுவதாக மூன்று வாரமாக நான் சொல்வதுதான் காதில் ஏறவில்லை.

பி.கு.: தவளையைத் தேடி வீட்டைத் தலைகீழாக்காதீர்கள். ஆபீஸில் காட்ட எடுத்துப் போகிறேன்.

இன்னொன்று: கண் இரண்டும் அப்படியே என்னுடையவை. நேற்றுக் கோபத்தில் சொல்லவில்லை.