கோணல் காஜா

மார்ச் 3
வாடிக்கையாளர் முன்னாலேயே “ஏ காஜா, இங்க வா” என்று கூப்பிடுகிறார். பட்டன் துளைக்குக் காஜா எடுக்க இவர் தையல் கடைக்கு வந்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. இவரைக் கட்டிக்கொண்டு பதினோரு வருடமாகியும் அதே பெயரா? “இனிமே அப்படிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்” என்றேன். சிரித்தார். தலைவலி என்று டீ கூடக் குடிக்கவில்லை.

மார்ச் 9
ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்திருக்கிறார். இவரா! கேட்டால், “சரியாத்தானே இருக்கு?”

மார்ச் 11
கடையிலேயே வலிப்பு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். “எச்.ஐ.வி. மாத்திரை தவறாம போடறாரா?” என்று டாக்டரம்மா கேட்டார். எங்கள் இருவருக்கும் உள்ளதுதானே. போடுகிறார் என்று அடித்துச் சொன்னேன்.

மார்ச் 12
“கடையில போட்டுக்கறேன்” என்று எடுத்துப்போன மாத்திரையெல்லாம் நூல்கண்டுப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஏழு மாதத்து மாத்திரை! பாவி மனுஷா, நல்லாத்தானே இருக்கோம்னு நெனச்சியா?
எதிர்ப்புச் சக்தி குறைந்ததும், உடம்பில் சும்மா கிடந்த கிருமி மூளையில் கிளம்பிவிட்டதாம். டாக்ஸோ என்று ஏதோ பெயர். மருந்துக்குக் கேட்கும் என்கிறார் டாக்டரம்மா.

மார்ச் 15
என்னை அடையாளம் தெரியவில்லை. “சிஸ்டர், காஜா வந்தா உள்ள விடுங்க. கோவமா இருக்கா, கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா.”
வராந்தாவில் போய் நின்று அழுதேன். கூப்பிடுங்களேன். ஊரே கேட்கக் கூப்பிடுங்களேன்.

மார்ச் 19
கூப்பிடவில்லை.

மார்ச் 29
மூளையில் வீக்கம் வற்றுகிறதாம். வலிப்புக்குப் பிறகு விழுந்துபோயிருந்த வலது கையைக் கொஞ்சம் தூக்குகிறார். நிறுத்திய மாத்திரையையும் மறுபடி தொடங்கிவிட்டார்கள். விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறேன். நான் இன்னும் சிஸ்டர்தான்.

ஏப்ரல் 10
வீட்டுக்கு வந்துவிட்டோம். தண்ணீர் கொடுத்தால், “ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்கிறார். பக்கத்திலேயே இருக்கும் மனிதருக்காக ஏங்குவதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஏப்ரல் 21
இன்று வேண்டுமென்றே ஒரு காஜாவைக் கோணலாக எடுத்தேன். அதைப் பார்த்தால் இந்த மனிதருக்குச் சோறு இறங்காது. சட்டையை அவர் மடியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல மிஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார் போல.
“காஜா... காஜா கோணலா இருக்கு.”
ஒன்று துணிக்கு. இன்னொன்று—
திரும்பிப் பார்த்தேன்.