வாத்துக்குப் போட்ட சைபர்

மார்ச் 3, செவ்வாய்

நம் சோப்பின் சின்னத்தை மாற்றப் போகிறார்களாம். மருமகள் ஒரு டிசைனர் பெண்ணைக் கூட்டி வந்தாள். பழைய வாத்து, புதிய இலை – இரண்டுக்கும் நிறை, குறை, மார்க் போட ஒரு தாள். "பாட்டி, கம்பெனிய ஆரம்பிச்சவங்க நீங்க. உங்க மார்க்கத்தான் நம்பப் போறேன்" என்றாள் அந்தப் பெண்.

வாத்துக்கு எல்லாக் கட்டத்திலும் சைபர் போட்டேன்.

மார்ச் 4

ஏன் சைபர் என்று மகன் கேட்டான். பழசாகிவிட்டது என்றேன். பொய். அதை வரைந்தவள் என் நாத்தனார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கல்யாண வீட்டில், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் – "எங்க அண்ணிக்குக் கையெழுத்துகூடப் போட வராது. சோப்பு வாத்தும் நான் வரைஞ்சு குடுத்ததுதான்." சிரித்தவர்கள் பதினொரு பேர். ஒரு முகமும் மறக்கவில்லை. அதற்கப்புறம்தான் எழுதப் பழகினேன். அவளோடு பேச்சையும் அன்றே விட்டேன்.

மார்ச் 19

இலை வென்றது.

ஏப்ரல் 6, திங்கள்

நம் சோப்புப் பட்டறைக்குப் போனேன். இலையில் முடி போல நரம்புகள். கம்ப்யூட்டரில் அழகுதான். சோப்பில் அச்சு இறங்கும்போது நரம்புக்குள் சோப்பு போய் அடைத்துக்கொள்கிறது. பத்தாவது கட்டியில் இலை இல்லை, நசுங்கின கரப்பான்பூச்சி. அச்சு போடுகிறவர் குச்சியால் குடைந்துகொண்டே இருக்கிறார். "வாத்துன்னா நாளைக்கு ஒரு தடவ தொடச்சாப் போதும்மா" என்றார்.

எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே சைபர் போட்டேன்.

ஏப்ரல் 20

கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வருகிறது. வாத்து சோப்பு கேட்கிறவர்கள் இலையைப் பார்த்துப் போலி என்கிறார்களாம். மகன் டிசைனர் பெண்ணிடம் கத்தினான். அவள் என் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். மருமகள் என்னைப் பார்த்தாள். "அத்தை, ஒரு மார்க்குக்குக்கூடவா தேறல? நெஜமா சொல்லுங்க."

என்ன பண்ணித் தொலைச்சேன்! பட்டறைய நம்பி இருபது குடும்பம். என் வீம்புக்கு அவங்க அடுப்பா அணையணும்?

ஏப்ரல் 21

உண்மையைச் சொன்னேன். மகன் எழுந்து போய்விட்டான். புதுத் தாள் கேட்டு வாங்கினேன்.

வாத்து. நிறை: எதிர்த் தெருவிலிருந்தே தெரியும். தடித்த கோடு, அச்சில் அடைக்காது. ஒரே நிறம். கட்டி பாதி கரைந்தாலும் வாத்துதான். படிக்கத் தெரியாதவளும் கைநீட்டிக் கேட்கலாம் – நான் அப்படித்தான் ஒரு காலத்தில் சாமான் வாங்கினேன்.

குறை: கால் கோணல். அலகு கரண்டி மாதிரி. வரைந்தவள்.

எழுபது போட்டேன்.

வாத்தையே திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள். இந்த முறை சின்னத்தைப் பதிவு செய்ய வேண்டுமாம். வரைந்தவர் கையெழுத்து வேண்டும் என்கிறாள் மருமகள்.

ஏப்ரல் 24

போனேன். நாத்தனார் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கண்ணாடி போட்டு என் மார்க் தாளைப் படித்தாள்.

"எழுபதா? மீதி முப்பது எங்க அண்ணி?"

"நீ பேசின பேச்சுக்குக் கழிச்சாச்சு."

"எந்தப் பேச்சு?"

என்ன நடிப்பு! ஒரு சொல் விடாமல் சொல்லிக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. "அன்னைக்கு ஊரே உங்களத்தான் மெச்சுச்சு. வாத்த யாரு வரைஞ்சான்னு கேக்க ஒரு நாதியில்ல" என்றாள்.

மன்னிப்பா? அவளா? பதிவுத் தாளில் கையெழுத்து மட்டும் போட்டாள். நானும் கேட்கவில்லை.

மே 8

வாத்து கடைக்குப் போய்விட்டது. இன்று நாத்தனாரிடமிருந்து போன். "அண்ணி, கட்டி பாத்தேன். புது அச்சு ஆழம் பத்தல. நாலு துணி தொவச்சா அழிஞ்சுரும்." டக்கென்று போனை வைத்துவிட்டேன்.

பட்டறையில் ஒரு கட்டியை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அச்சை இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னேன்.

"யாரும்மா கவனிச்சது?" என்றான் மகன். வேலையாட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"வாத்த வரைஞ்சவ" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

பெயரைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.