தொண்ணூறு டிகிரி

மார்ச் 4, செவ்வாய்

அவள் வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம். இன்று ஆயில் மாற்ற வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். ஜாப் கார்டில் ‘வாடிக்கையாளர்’ என்ற இடத்தில் என் மனைவியின் பெயரை எழுதினேன்.

அந்த ஸ்போர்ட்ஸ் காரில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் தங்காது. அதற்குத் தனி டேங்க். பழசை இரண்டு இடத்தில் வடித்து, புதுசை ஊற்றி, ஓடவிட்டு, சூடு தொண்ணூறு டிகிரி வந்த பிறகு இன்ஜின் ஓடும்போதே ஆயில் அளவு காட்டும் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆறின வண்டியில் பார்த்தால் இருக்கிற ஆயிலையே இல்லை என்று காட்டும். பதினோரு வருஷமாக அவள் சீட்டில் உட்கார்ந்து சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பாள். நான் பின்னால் துணியோடு நிற்பேன். இன்றும் அப்படித்தான்.

“தொண்ணூறு” என்றாள். ஸ்டிக்கை எடுத்தேன். ஆயில் சரியாக நடுவில் நின்றது.

அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 5

வேலை ஓடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

போகிற அன்று அவள் சொன்னது: “வண்டி சூடாகற வரைக்கும் இருபது நிமிஷம் பொறுமையா நிப்பீங்க. நான் ஒரு விஷயத்த சொல்லி முடிக்கிற வரைக்கும் என்னிக்காவது நின்னிருக்கீங்களா?”

அதற்கு நான் என்ன சொன்னேன்? “சரி, சீக்கிரம் சொல்லு.”

சீக்கிரம் சொல்லு! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றுவோம். அடுத்த வாரம் கெடு. ஆயில், ஃபில்டர் எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். இந்த முறை சூடாகிற நேரத்தில் அவளைப் பேச விடுவேன். நடுவில் வாயே திறக்க மாட்டேன். கண்ணாடி முன்னால் ஒத்திகை கூடப் பார்த்தேன். சும்மா நிற்பதற்கு ஒத்திகை! ஐம்பது வயதில் இந்தக் கூத்து வேறு.

செப்டம்பர் 4, வியாழன்

வரவில்லை.

செப்டம்பர் 6, சனி

காலையில் புது நம்பரிலிருந்து ஃபோன். “அண்ணே, நான் வேற ஒர்க்‌ஷாப் மெக்கானிக். நேத்து இந்த வண்டிக்கு ஆயில் மாத்தினேன். இப்ப ஸ்டிக்ல ஒண்ணுமே ஒட்டல. இன்னும் ரெண்டு லிட்டர் ஊத்திரட்டுமா? சந்தேகம்னா உங்களக் கேக்கச் சொல்லி மேடம் நம்பர் குடுத்தாங்க.”

வேறு ஒர்க்‌ஷாப். அங்கே போய்விட்டாள்.

ஊத்துங்க — நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஊற்றினால் டேங்க் வழிந்து புகை கக்கும். வேறு வழியில்லாமல் வண்டி என்னிடம்தான் வரும். அவளும் வருவாள்.

“ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க” என்றேன். ஆறின வண்டியில் பார்க்கக் கூடாது என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். இன்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. “மேடம் வந்துட்டாங்கண்ணே. அவங்களே முள்ளப் பாக்கறாங்களாம்” என்றான். நான் ஃபோனை வைக்கவில்லை. இருபது நிமிஷம் ஒரு வார்த்தை பேசாமல் லைனில் நின்றேன்.

தூரத்தில் அவள் குரல்: “தொண்ணூறு.”

“நடுவுல நிக்குதுண்ணே! இனிமே நானே பாத்துக்குவேன்.”

வைத்துவிட்டான். அப்புறம்தான் பார்த்தேன். என் கையில் துணி இருந்தது.