சண்டை பிடித்து வாங்கிய விசா

வெள்ளவத்தைச் சேலைக்கடைக்குள் கால் வைத்ததும் புதுத்துணி வாசனை மூக்கில் ஏறியது. கூடவே உன் குரலும் காதில் கேட்டது. நீ பட்டுச்சேலை விரித்துக் காட்டிய மேசையில் இப்போது வேறொரு பிள்ளை நிற்கிறாள். உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது. நான் கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டேனடி!

களுபோவில ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடியபோது கனடாவிலிருந்து என்னால் வர முடியவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்த மடல்.

விசாவுக்கான முதல் நேர்முகம் நினைவிருக்கிறதா? கல்யாணம் முடிந்து அவர் கனடாவுக்குத் திரும்பியிருந்தார். நான் உன்னோடு ஒரே அறையில் விசாவுக்குக் காத்திருந்தேன். "சண்டை சச்சரவு ஒண்டுமில்லை எண்டு சொல்லு பிள்ளை" என்று ஊரே புத்தி சொன்னது. அப்படியே சொன்னேன். எதைக் கேட்டாலும் "அவர் தங்கமானவர்" என்றேன். விசாவுக்காகச் செய்த கல்யாணம் என்று மறுத்துவிட்டார்கள். என் வாழ்க்கையையே பொய் என்றுவிட்டார்களே என்று நான் சோறு தண்ணியில்லாமல் கிடந்தேன். நீதான் என்மேல் பாய்ந்தாய். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள் நீ, உன் வாயைக் கேட்கவா வேண்டும்!

"தங்கமானவராம்! கூறைச்சீலை எடுக்க வந்த அண்டைக்கு உன்னை எங்கட கடையில இருத்திப்போட்டு, சிநேகிதன்மாரோட கோல்பேஸ் கடற்கரையில நிண்டவரெல்லோ? அவர் வந்தாப்பிறகு நீ கத்தின கத்தலில முதலாளியே வெளியில ஓடினவர். அதைச் சொல்லடி! கட்டினவனோடதான் அப்பிடிக் கத்தலாம்."

அவர் மறுபடி விண்ணப்பித்தார். வேலை முடிந்து வந்ததும் என்னை நேர்முகத்துக்குப் பழக்க நீ தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அதிகாரியாகிவிடுவாய். நான் மெல்லக் கதைத்தால் "கேக்கேல்லை, அடுத்த ஆள்!" என்பாய்.

இரண்டாம் முறை இருந்தது ஒரு பெண் அதிகாரி. கணவரிடம் பிடிக்காதது என்ன என்று கேட்டார். கூறைச்சேலையில் தொடங்கினேன். நான் போனில் அழும்போதும் அவர் மாட்ச் பார்ப்பது வரை போனேன். பழைய கோபம் திரும்பிவந்து குரலும் ஏறிவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு மூச்சு வாங்கியது. அதிகாரி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "போதும், எனக்கும் ஒரு கணவர் இருக்கிறார்" என்றார்.

விசா வந்த அன்று கடைக்கு முன்னால், காலி வீதியில் நின்று நீ விசிலடித்தாய். தன்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று பஸ்காரன் நிறுத்திவிட்டான்.

அங்கே போன பிறகும் கதை ஓயவில்லை. "பாஸ்போட் கிடைச்சதும் இவள் பறந்திடுவாள்" என்று அவருடைய மாமி ஒருவர் என் காதுபடவே சொன்னார். என் கணவர் அதைக் கேட்டபடியே மாட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பெரிய வலி.

சத்தியப்பிரமாணம் எடுத்து வரும் வழியில் காருக்குள் சொன்னேன்: "இஞ்ச பாருங்கோ, இனி இந்த நாட்டில இருக்க எனக்கு நீங்கள் தேவையில்லை."

அவர் முகம் வெளுத்தது. "அப்ப?"

"அப்ப என்ன? எனக்கு விருப்பம், உங்களோட இருக்கிறன். காரை வீட்டுக்கு விடுங்கோ, பசிக்குது."

அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். இத்தனை காலமும் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அவரை அழவிட்டு நான் சிரித்தேன், சத்தமாக, வழியால் போனவர்கள் திரும்பிப் பார்க்க. மெல்லக் கதைக்க இனி எனக்கு வராதடி. உன் வாயையும் சேர்த்துத்தான் நான் பிளேன் ஏறியிருக்கிறேன்.